புருஷன் வேஷம்

செங்குளத்துப்பட்டி
18.6.2024

சனோபர்,

நலமா என்று கேட்க மனசு வரவில்லை. என் தம்பி பெண்டாட்டி அழகுத்தாய் எங்கே? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசு.

வியாழக்கிழமை திருச்சுழியில் நாம் நடத்திய பயிற்சிக்கு அவளும் வந்திருந்தாள். மகளிர் குழுவுக்கு இரண்டு பேர் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், அவள் குழுத் தலைவி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் காரியாபட்டிச் சந்தைக்குப் போகிறேன் என்று பஸ் ஏறியவள் திரும்பவில்லை. சாயங்காலம் மகளிர் காவல் நிலையத்திலிருந்து தம்பி வீரபாண்டிக்குப் போன் வந்தது. உங்கள் மனைவி பத்திரமாக இருக்கிறார், தேடி அலைய வேண்டாம் என்றார்களாம். யாருடைய பேச்சு அது? அந்தப் போலீஸ்காரிகளுக்கு நீயும் நானும் சொல்லிக் கொடுத்த பேச்சு. எழுத்து மாறாமல் ஒப்பித்திருக்கிறார்கள்.

மூன்று வருஷமாக உன்னோடு ஊர் ஊராக அலைந்தேன். அங்கன்வாடி டீச்சர், நர்ஸ், போலீஸ்காரி என்று எத்தனை பேரை உட்கார வைத்து, வீட்டில் அடிபட்டு வரும் பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். நீ பெண்டாட்டியாக நடிப்பாய், நான் புருஷனாக நடிப்பேன். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். கடைசியில் என் வீட்டிலேயே கை வைத்துவிட்டாய். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல?

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைக்காதே. உன் நம்பரைத் தம்பி என் போனிலிருந்து அழித்துவிட்டான். யாரோடு பேசினேன் என்று தினம் வாங்கிப் பார்க்கிறான். பெண்டாட்டியைக் காணாத ஆத்திரம், வேறொன்றுமில்லை. நான் வேலை பார்க்கும் அங்கன்வாடி முகவரிக்கு எழுது.

முனீஸ்வரி


அருப்புக்கோட்டை
24.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அழகுத்தாய் பத்திரமாக இருக்கிறாள். எங்கே என்று சொல்ல மாட்டேன். இதை உங்களுக்கே எழுத வேண்டியிருக்கிறதே என்று கை கூசுகிறது. இருக்கும் இடத்தைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லக் கூடாது என்று பயிற்சியில் சொல்பவரே நீங்கள்தான். ‘அம்மா கேட்டாலும் சொல்லாதே, அக்கா கேட்டாலும் சொல்லாதே’ என்று விரலை ஆட்டிச் சொல்வீர்கள்.

நான் யாரையும் இழுத்து வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில், நான் வேலை பார்க்கும் உதவி மையத்தின் வாசலில் தானாக வந்து நின்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நேத்து புருஷனா நடிச்சாகளே, அவுக எங்க மதினி. அவுக நடிச்சது எங்க வீட்டுக்காரவுகளத்தான். ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது அக்கா. புருஷன் வேஷம் என்றால் எல்லோரும் கத்துவார்கள், மீசையை முறுக்குவார்கள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் மட்டும் கத்த மாட்டீர்கள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பீர்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி, கண்ணாடி கீறாதபடி மேஜையில் வைப்பீர்கள். ‘சொல்லு தாயி, கேக்குறேன்’ என்பீர்கள். அந்த இடத்தில் கூட்டமே அடங்கிப்போகும். எங்கள் ஊர் வீரசோழனில் நடத்தியபோது என் அம்மா சபுரா பீவி தாங்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார்கள். நான் கை தட்டினேன். இவ்வளவு தத்ரூபமாக நடிக்கிறீர்களே, எங்கே பார்த்தீர்கள் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவளின் கஷ்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "எனக்கு அடி விழுகையில மதினி ரூம்புல டீவி சத்தம் கூடும். நம்ம சத்தம் அவுகளுக்குக் கேக்கலன்னே நெனச்சிருந்தேன். கேட்டிருக்கு. வாட்சைக் கழட்டுறது வரைக்கும் பாத்திருக்காக." அழவில்லை. அதிசயம் போலச் சொன்னாள்.

அப்புறம், உங்கள் போனை உங்கள் தம்பி வாங்கிப் பார்ப்பது ஆத்திரம் இல்லை. பயிற்சியின் முதல் வகுப்பில் அதற்கு நாம் சொல்லும் பெயர் வன்முறை.

சனோபர்


செங்குளத்துப்பட்டி
5.7.2024

சனோபர்,

எனக்கே பாடம் எடுக்காதே. அந்தப் பாடத்தில் பாதி நான் சொல்லி நீ எழுதிக்கொண்டது.

ஆமாம், தெரியும். நடுவில் ஒரே சுவர், நான் என்ன செவிடா? தெரிந்து என்ன செய்வேன்? என் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுச் செத்தபோது, காரியம் முடிந்த கையோடு அந்த வீட்டில் என் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். தம்பிதான் கரி லோடு ஏற்றும் வண்டியைக் கொண்டுவந்து என்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தான். முன் அறையை ஒழித்துக் கொடுத்தான். சீமைக்கருவேலங்கட்டையை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறவன் அவன். சுற்றுவட்டாரத்தில் அவனிடம் கூலிக்குப் போகாத வீடு கிடையாது. அதனால்தான் தாலியறுத்தவள் என்று ஒருத்தரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அவன் என்னிடம் குரலை உயர்த்தியதுகூட இல்லை. அப்படிப்பட்டவன் அவளிடம் மட்டும் ஏன் அப்படி ஆகிறான் என்று எனக்கும் விளங்கவில்லை. ஊரில் சொன்னால் அவன் மானம் போகும். அவனிடமே சொன்னால் என் இடம் போகும்.

பயிற்சியில் நடித்துக் காட்டுங்கள் என்று முதன்முதலாகச் சொன்னபோதுதான் எனக்கு ஒரு வழி கிடைத்தது. அங்கே அதைச் செய்து முடித்தால் நெஞ்சில் கனம் இறங்கும். வீட்டுக்கு வந்தால் மறுபடி ஏறிக்கொள்ளும். அன்றைக்கு அவள் கடைசி வரிசையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றும்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகாவது நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

போனது போகட்டும். அவன் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்கிறான். எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொண்டு போனவளைப் புருஷன் போய்க் கூப்பிட மாட்டான். மாமியார் இல்லாத வீட்டில் நாத்தனார்தான் போய்ப் பூ வைத்துக் கூப்பிட வேண்டும். அவள் கழுத்தில் மூன்றாவது முடிச்சு போட்டவள் நான். நான் அழைத்து வந்தால் ஊரில் அவளைக் குறைவாக ஒருத்தரும் பேச மாட்டார்கள். ஒரு தரம் அவளைப் பார்க்க விடு.

உன்னைப் பற்றி இங்கே பேசுவதை எழுதக் கூடாது என்றிருந்தேன். "வீரசோழத்துப் பொம்பளைக்கு நம்ம வீட்டுக்குள்ள என்ன சோலி?" என்கிறார்கள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

முனீஸ்வரி


அருப்புக்கோட்டை
15.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். போன கடிதத்தில் சுருக்கென்று எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருஷம் அதைச் சுமந்துகொண்டு என் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள்.

ஆனால் பார்க்க விட முடியாது. அவளிடமே கேட்டேன். "இப்ப வேணாம். மதினி மொகத்தப் பாத்தா நான் கெளம்பிருவேன்" என்றாள். உங்கள் மேல் வெறுப்பு என்று சொல்லவில்லை. பாசம் இருப்பதால்தான் பயப்படுகிறாள்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். தேறிவிட்டாள். நூல் மில்லில் பகல் ஷிப்டு கிடைத்திருக்கிறது. வேனில் கூட வரும் பிள்ளைகளோடு சிரித்துப் பேசுகிறாள். மில் கேட்டில் இறங்கியதும் எதிர்க்கடையில் நின்று சுடச்சுட வடை தின்கிறாளாம், கல்யாணமான எட்டு வருஷத்தில் கடையில் நின்று எதுவும் தின்றதில்லையாம். உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊர்ப் பேச்சு எங்கள் ஊரிலும் உண்டு. அடுத்த சனத்து விவகாரம் உங்கள் மகளுக்கு எதற்கு என்று ஒருவர் வந்து அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் மன்சூர் அலியும் அதையே கேட்கிறார். "நம்ம சனத்துல மட்டும் எல்லாரும் பூவாலயா அடிக்கிறாக?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

சனோபர்


அருப்புக்கோட்டை
12.8.2024

முனீஸ்வரி அக்கா,

மில் கேட்டில் வைத்தே அவளை அழைத்துப் போய்விட்டீர்கள்.

கூட வேலை செய்யும் பெண்கள் எல்லாம் சொன்னார்கள். மல்லிகைப்பூவும் தேங்காயும் வைத்துக்கொண்டு வடைக்கடைப் பக்கம் நின்றீர்களாம். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முதலில் அவளை உட்கார வைத்து, பிறகு அவள் கண் மட்டத்துக்கு நீங்களும் உட்கார்ந்தீர்களாம். "ஒன்னய நான் நம்புறேன். ஒம்மேல ஒரு தப்பும் இல்ல. அவசரப்படாமச் சொல்லு, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றீர்களாம். அந்தப் பெண்கள் சொக்கிப்போய்ச் சொல்கிறார்கள். "இப்படி ஒரு நாத்தனா யாருக்குக்கா கெடைப்பா?"

அந்த வார்த்தைகள் நம்முடையவை. உட்காரும் விதம்கூட நம்முடையது. அடிபட்டவள் பயம் தெளிந்து வாய் திறப்பதற்காக நாம் உருவாக்கியது. நாற்பது ஊரில் நீங்கள் சொல்லிப் பழகியதை உங்கள் தம்பிக்காகச் செலவழித்துவிட்டீர்கள். அவன் வந்து கையைப் பிடித்து இழுத்திருந்தால் கத்தியிருப்பாள், நாலு பேர் கூடியிருப்பார்கள். நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டவளிடம் யார் கத்துவார்கள்?

இடத்தைக் காட்டிக் கொடுத்தவள் நான்தான். மில், வேன், எதிர்க்கடை, எல்லாம் என் கையால் எழுதியது. நீங்கள் அவன் அக்கா என்பது மறந்து போய், என் அக்கா என்று நினைத்து எழுதினேன். மையத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். இனிப் பயிற்சி நடத்த என்னை அனுப்ப மாட்டார்கள், சரிதான். அவளுக்கு ஒன்று என்றால் அதில் நம் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

வாரத்துக்கு ஒரு தடவையாவது அவள் குரலை நான் கேட்க வேண்டும். அவள் போனை அவளிடம் இருக்க விடுங்கள். வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

சனோபர்


செங்குளத்துப்பட்டி
30.8.2024

சனோபர்,

கடத்திக்கொண்டு வந்தது போல எழுதியிருக்கிறாய். தன் காலால் நடந்து பஸ் ஏறினாள். முடிவு அந்தப் பெண்ணுடையது என்று நீதானே மைக்கைப் பிடித்துச் சொல்வாய்? உனக்குப் பிடித்த முடிவாக இருந்தால்தான் அது முடிவா?

வந்த அன்று ஆரத்தி எடுத்தேன். தம்பி தோடு வாங்கிக் கொடுத்தான். இருவரும் சேர்ந்து திருச்சுழிக் கோயிலுக்குப் போய் வந்தார்கள், ஊரே பார்த்தது. அவள் போன் ரிப்பேர், டவுனில் கடையில் கொடுத்திருக்கிறான். குழுக் கூட்டத்துக்கு இப்போது போவதில்லை, வீண் அலைச்சல் எதற்கு என்று அவன்தான் சொன்னான். ஏதாவது கேட்டால் தலையாட்டுகிறாள். முன்பும் அதிகம் பேசாதவள்தானே.

நான் டிவி போடுவதையே விட்டுவிட்டேன். காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. அவன் திருந்திவிட்டான் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

அடுத்த பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். நீ இல்லாமல் யாரை எதிரில் வைத்துக்கொண்டு நடிப்பது?

முனீஸ்வரி


மதுரை
9.10.2024

அக்கா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அழகுத்தாயின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. பல்லோடு பல்லைச் சேர்த்துக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இடது காது இனிக் கேட்காதாம். குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் போகிறது.

சேர்க்கும்போது டாக்டர் கேட்டதற்கு, குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தாள் என்று நீங்கள் சொன்னீர்களாம். அதுவே பதிவாகியிருக்கிறது. லாரித் தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊரில், ஆள் வழுக்கி விழுகிற அளவுக்குத் தண்ணீர் ஓடியதாம்! விசாரிக்க வந்த போலீஸ்காரி முனியம்மாள் நம்மிடம் பயிற்சி எடுத்தவள். என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "பாத்தவுகளே வழுக்கி விழுந்ததாச் சொல்றாக. பாதிக்கப்பட்டவளும் வாயத் தொறக்கல. நான் எத வச்சு எழுதக்கா?" என்கிறாள்.

அழகுத்தாயை எழுதிக் காட்டச் சொன்னால் கையை மூடிக்கொள்கிறாள். அவள் அம்மா பெத்தம்மாள் கேஸே வேண்டாம் என்கிறாள். "சொகமானா மறுபடி அங்கதான போயிப் பொழைக்கணும். எதுக்கு மொறைச்சுக்கிட்டு?" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். வழுக்கி விழுந்தவள் என்றே இருந்தால், கம்பி எடுத்ததும் அந்த வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர மாட்டாள். உங்களுக்கும் அது தெரியும்.

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். ஒருத்திக்கு வாய் கட்டியிருக்கிறது. ஒருவன் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள் அக்கா. காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சனோபர்


செங்குளத்துப்பட்டி
21.10.2024

சனோபர்,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது தபாலில் போடப் பார்க்கிறேன்.

அன்றைக்கு அழகுத்தாய் அவனிடம், என் போன் எங்கே என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் வாசலில் நின்று, "ஏலே, வேணாம், விட்ரு" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, சாதாரணமாக, "நீ போயி டீவியப் போடுக்கா" என்றான்.

அவனுக்கும் தெரிந்திருக்கிறது, சனோபர். இத்தனை வருஷமும் நான் சத்தத்தைக் கூட்டியது, நீ அடித்துக்கொள் என்று அவனுக்குச் சொன்னதாக ஆகியிருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? போய்ப் போட்டேன்.

வழுக்கி விழுந்தாள் என்று சொல்லச் சொல்லி அவன் எனக்குச் சொல்லித் தரவில்லை. டாக்டர் கேட்டதும் நானாகவே சொன்னேன்.

நேற்று சாப்பிட்டு எழுந்தவன், வீரசோழத்துக்காரியிடமிருந்து கடிதம் வருகிறதாமே என்று கேட்டான். இல்லை என்றேன். கைக்கடிகாரத்தைக் கழற்றினான். வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி கட்டிக்கொண்டான். "இந்த வயசுல இந்த வீட்ட விட்டா எங்கக்கா போவ?" என்று அன்பாகத்தான் கேட்டான்.

இதற்கு நீ பதில் எழுதாதே. எழுதினால் அவன் கையில் போய்ச் சேரும்.

முனீஸ்வரி


பாலவனத்தம்
20.11.2024

சனோபர்,

இனி இந்த முகவரிக்கு எழுதலாம். ஒற்றை ரூம் பிடித்திருக்கிறேன்.

ஸ்டேஷனில் நான் சொன்னது உன் காதுக்கு வந்திருக்கும். அவள் விழவில்லை, அவன் அடித்தான், நான் பார்த்தேன், டாக்டரிடம் பொய் சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னேன். முனியம்மாள்தான் எழுதிக்கொண்டாள். நடுவில் தண்ணீரைக் கொடுத்து, "அவசரம் இல்லக்கா, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். நாம் சொல்லிக் கொடுத்தபடியே கண் மட்டத்துக்கு உட்கார்ந்துதான் சொன்னாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை, அங்கேயே கதறிவிட்டேன்.

தம்பியை ரிமாண்டு செய்திருக்கிறார்கள். ஜாமீனில் வந்துவிடுவான் என்று ஊரில் வேட்டு வாங்கி வைத்திருக்கிறார்களாம். என் சாமானைத் தெருவில் வைத்தது அவனிடம் கூலிக்குப் போகிறவர்கள்தான். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. நல்லமுத்து என்று ஒரு பெரியவர், அவர் பேத்திக்கு அங்கன்வாடியில் சோறூட்டி வளர்த்தவள் நான், "கூடப் பெறந்தவனக் காட்டிக் குடுத்தவ வெளங்குவியா?" என்று என் காலடியில் துப்பினார். இடமாறுதல் கேட்டிருக்கிறேன். விளங்குவேனோ இல்லையோ, பிழைக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அழகுத்தாய்க்குக் கம்பி எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைப் பார்க்கச் சம்மதிப்பாளா? பூ கொண்டு வர மாட்டேன். கூட்டிக்கொண்டு போக எனக்கு வீடும் இல்லை. ஒரு ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன். அவளைத் தவிர எனக்கு இப்போது சொந்தம் என்று யாரும் இல்லை. கேட்டுச் சொல்.

முனீஸ்வரி


அருப்புக்கோட்டை
3.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உங்கள் காரியம். உங்கள் தம்பிக்கு ஜாமீன் கிடைக்கும் போலிருக்கிறது. தெரிந்ததும் முனியம்மாள் உங்களுக்குப் போன் செய்வாள். பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். வேலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் மையத்துக்கு வந்துவிடுங்கள், எந்த நேரமானாலும் கதவைத் திறப்போம். இவ்வளவு நாள் நீங்கள் மற்றவர்களுக்குச் சொன்னதுதான் இதெல்லாம். இப்போது இது உங்களுக்கு.

அழகுத்தாயிடம் கேட்டேன். மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். வலது காதுப் பக்கம் உட்கார்ந்து இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. வாய் இன்னும் முழுதாகத் திறப்பதில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஸ்டேஷன்ல அவுக சொன்னது நெசம். அந்தப் புண்ணியம் அவுகளுக்குச் சேரட்டும். கோர்ட்டுலயும் அவுக சொல்லணும், நானும் சொல்லுவேன். ஆனா அவுகளப் பாக்க மாட்டேன். அந்தாளு அடிப்பாருன்னு எனக்குத் தெரியும், அதுக்குத்தான் ஓடியாந்தேன். மதினி வந்து ஒன்னய நம்புறேன்னு சொன்னாக. நானும் அவுகள நம்பிட்டேன்."

உங்களுக்காக ஒரு வார்த்தை பேச நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். இனி அவளிடம் இதைக் கேட்க மாட்டேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்கு எழுதவும் மாட்டேன்.

சனோபர்